கடிதம் தராத முதலாளி

இரத்மலானை முதலாளி, நான் இரண்டாவது பிஸ்கட்டை எடுப்பதற்கு முன்பே சம்மதித்துவிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் தொடங்கியது.

என் வேலையைச் சொன்னால்தான் இந்தச் சந்தேகம் விளங்கும். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், சேலைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் எங்கள் பயிற்சி நிலையம் இருக்கிறது. லிஃப்டும் இருக்கிறது. அது சேலைக்கடைக்காரருடையது, சேலைகள் மட்டும்தான் அதில் போய்வரும். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று எங்களுக்கு மானியம் தருகிறது. அந்த மானியத்தில், வேலை இல்லாதவர்களுக்கும் அரைகுறை வேலையில் இருப்பவர்களுக்கும் முதல் மாதம் வகுப்பு; அடுத்த இரண்டு மாதம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் கைப்பயிற்சி. முடிவில் அந்த நிறுவனம் அவர்களில் பாதிப்பேரையாவது வேலைக்கு எடுத்து நியமனக் கடிதம் கொடுக்கவேண்டும். கடிதங்களின் பிரதி அறக்கட்டளைக்குப் போனால்தான் அடுத்த வருடமும் எங்கள் நிலையம் அந்த மாடியில் இருக்கும்.

அப்படிப்பட்ட நிறுவனங்களைத் தேடிப் பிடித்து, சிரித்து, கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. விசிட்டிங் கார்டில் 'தொழில்வழங்குநர் இணைப்பாளர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். கேட்பவர்களிடம் என் மனைவி, "அவர் ஒரு ஒஃபிசில இருக்கிறார்" என்று சொல்லி முடித்துவிடுவாள்.

இதற்கு முன்பு பதினாறு வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் பிரிவில் இருந்தேன். கால் முறிந்துவிட்டது என்று ஒருவர் வந்தால் எந்தக் கால் என்று இரண்டு தரம் வெவ்வேறு நேரத்தில் கேட்பது அங்கே பழகியது. அதற்கும் முன்பு ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநர். எழுதியவரையே நம்பக்கூடாது என்பதை அங்கே படித்தேன். மிச்ச நேரமெல்லாம் நாவல் வாசித்தேன். நாவல்களில் மற்றவர்களை நம்புகிறவர்கள் முன்னூறாம் பக்கத்தைத் தாண்டுவது அபூர்வம். இப்படி எல்லாப் பக்கத்தாலும் பயிற்சி பெற்ற ஒருவனைத்தான், நம்பிக்கையை வளர்க்கும் பதவிக்கு எங்கள் பணிப்பாளர் தெரிவு செய்திருந்தார்.

முதல் வருடம் கடற்கரைப் பக்கத்து ஹோட்டல் ஒன்று பத்துப் பேரை எடுத்தது. இரண்டு மாதம் படுக்கை விரிப்பு மடிக்க விட்டு, கடைசி நாளில் ஆளுக்கொரு தொப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒருவருக்கும் வேலை இல்லை. அடுத்த கிழமை அந்த ஹோட்டல் மனேஜர் எனக்கு ஃபோன் எடுத்து, மிகவும் அன்பாக, "அடுத்த பெட்ச் எப்ப அனுப்புவீங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு, எங்கள் ஆட்களை எடுக்க யாராவது ஆசைப்பட்டால் எனக்கு ஹோட்டல் விரிப்புகள் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே இரத்மலானைக்குப் போகும்போது நான் ஆயத்தமாகத்தான் போனேன். மிளகாய்த்தூளும் கறித்தூளும் சிறு பைகளில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பும் தொழிற்சாலை அது. முதலாளிக்கு அறுபத்தைந்து வயது இருக்கும், யாழ்ப்பாணத்தார், கொழும்புக்கு வந்து நாற்பது வருடம். தலைக்கு மேலே பிள்ளையார் படம், பிள்ளையாருக்கு மேலே காற்றாடி. நான் ஆறு பக்க ஒப்பந்தத்தை மேசையில் வைத்து, தொண்டையைச் செருமி, நோக்கங்களிலிருந்து தொடங்கினேன்.

"தம்பி, எத்தினை பேர்?" என்றார்.

"பன்னிரண்டு பேர் ஐயா. ஆனா முதல்ல இந்த மூண்டாம் பக்கத்தில..."

"பன்னிரண்டு பேரையும் அனுப்பும். பேனை இருக்கோ?"

ஆறு பக்கத்திலும் கையெழுத்து வைத்தார். ஒரு வரியும் வாசிக்கவில்லை. வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்காதவர்களை எனக்குத் தெரியும், கொழும்பில் பாதிப்பேர் அப்படித்தான். வாசிக்காமல் வைக்கிறவர் ஒன்றில் தெய்வப்பிறவி, அல்லது எழுதியிருப்பது எதையும் செய்யும் எண்ணம் இல்லாதவர். தெய்வப்பிறவிகள் மிளகாய்த்தூள் விற்பதாக நான் எங்கும் வாசித்ததில்லை.

பணிப்பாளருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என்னைவிடப் பத்து வயது இளையவர், எதையும் நல்லபடி எடுப்பவர். உடனே பதாகை அடித்து, முதலாளியோடு கைகுலுக்கிப் படம் எடுத்து, அறக்கட்டளைக்கு அனுப்பினார்.

"மேடம், அந்த மனுசன் வாசிக்கவே இல்ல," என்றேன்.

"அவ்வளவு ட்ரஸ்ட்!" என்றார் அவர்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் கொட்டாஞ்சேனைப் பெண். நாற்பத்தொரு வயது, எங்கள் பெட்சிலேயே மூத்தவர். பதினைந்து வருடமாக அங்கே ஒரு மருந்துக்கடையில் நின்றிருந்தார். மருந்துப் பெட்டிகளில் காலாவதித் திகதி பார்த்துப் பழையதை ஒதுக்குவது, சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். நல்ல கடை, நல்ல முதலாளி, ஆனால் ஈ.பி.எஃப். கட்டுவதில்லை. கடை வேலையை விட்டால் கையில் ஒன்றும் இருக்காது. ஓய்வு காலத்துக்கு ஏதாவது சேரும் ஒரு வேலைக்கு இந்த வயதிலாவது போய்விட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம்.

கொட்டாஞ்சேனையில் மாதா கோயில் மண்டபம் ஒன்றில் நாங்கள் ஆள் சேர்க்கக் கூட்டம் வைத்தபோது, பின்வரிசையிலிருந்து எழுந்து கேட்டார்:

"சேர், நான் இப்ப நிக்கிற கடையில மூண்டு மாசம்தான் என்ட இடத்தை வச்சிருப்பாங்க. அது முடிய வாற சனிக்கிழமை தாண்டினா வேற ஆள் எடுப்பாங்க. அதால கேக்கிறன். இது முடிய வேலை உறுதியோ?"

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. பணிப்பாளர் பக்கத்தில் இருந்தார். நான் "உறுதி" என்றேன். காப்புறுதிக் கம்பனியில் பதினாறு வருடமும் வாயில் வராத சொல் அது.

வகுப்பில் நான் எடுத்த பாடம் நேர்முகத்தை எதிர்கொள்வது எப்படி என்பது. 'ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?' என்று முதலாளிமார் கேட்பார்கள், அதற்கு 'இந்த நிறுவனத்தோடு சேர்ந்து நானும் வளர்ந்திருப்பேன்' என்று சொல்லவேண்டும் என்று எழுதிப் போட்டு, பன்னிரண்டு பேரையும் சொல்லவைத்துப் பழக்கினேன். கொட்டாஞ்சேனைப் பெண் மட்டும் வசனத்தின் முடிவில் "மாதா விட்டால்" என்று சேர்த்துக்கொண்டார். அதை வெட்டச் சொன்னேன். அவர் வெட்டவில்லை.

பயிற்சி தொடங்கியதும் நான் வியாழனுக்கு வியாழன் வெள்ளவத்தையில் ரயில் ஏறி இரத்மலானைக்குப் போக ஆரம்பித்தேன். கண்காணிப்பு என்று அலுவலகத்தில் எழுதிவைப்பேன். உண்மையில் வேவு. வாசலில் இருக்கும் காவலாளி என்னைக் கண்டதும், "ஆயெத் ஆவாத, மாத்தயா?" என்பார். மறுபடியும் வந்துவிட்டீரா ஐயா என்று சிங்களத்தில் கேள்வி. அதில் வரவேற்பு எவ்வளவு என்று அளக்க முடியவில்லை. உள்ளே போகிறவர்கள் தலைமயிர் தூளுக்குள் விழாமல் வலைத்தொப்பி போடவேண்டும் என்பது சட்டம். என் வழுக்கைத் தலையைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் யோசித்து, சட்டம் சட்டம்தான் என்று எனக்கும் ஒன்று தருவார். பிறகு நான் உள்ளே நின்று தும்முவேன். தும்முகிற ஒற்றனை எந்த நாவலிலும் நான் கண்டதில்லை.

எங்கள் ஆட்களைக் கூட்டவும் துடைக்கவும் விட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். இல்லை. எடை பார்க்க, மெஷினில் பை போட, ஒட்டுப் பார்க்க என்று ஒழுங்காகத்தான் பிரித்திருந்தார்கள். கொட்டாஞ்சேனைப் பெண்ணைப் பைகளில் அடித்து வரும் திகதிகளைச் சரிபார்க்கும் இடத்தில் விட்டிருந்தார்கள். நான் ஒரு பையைத் தூக்கிப் பின்பக்கம் வாசித்தால் அவர் வாங்கித் திரும்ப வைப்பார்.

"சேர், கை வைக்காதீங்க. நாங்க க்ளவுஸ் போட்டிருக்கிறம், பாக்கிறீங்கதானே?"

எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருந்தது என் சந்தேகத்தைக் கூட்டியது.

கைப்பயிற்சியின் ஆறாவது கிழமை, தேநீர் இடைவேளையில், அந்தப் பெண் என்னைக் குழாயடிப் பக்கம் கூப்பிட்டார்.

"சேர், ஒரு சின்ன விசயம். பொஸ் வந்து எல்லாரிட்டயும் பாஸ்போட் இருக்கோ எண்டு கேட்டவர்."

"பாஸ்போட்டோ? ஏனாம்?"

"சொல்லேல்ல. மற்ற ஆக்கள் எல்லாரும் இல்ல எண்டாங்க. என்னட்ட இருக்கு சேர், வேளாங்கண்ணிக்குப் போக எடுத்தது. அதால ஓம் எண்டன். உடனே மூஞ்சி மாறிட்டு."

"சந்தோசமாவோ, கோவமாவோ?"

"மூஞ்சி சேர். மாறிட்டு."

வேளாங்கண்ணி எனக்கு விளங்கியது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளில் பாஸ்போட் இருந்தால் பாதி வீடுகளில் அது மாதாவுக்காக எடுத்ததுதான். விளங்காதது முதலாளிக்கு அது எதற்கு என்பது. அன்று ரயிலில் திரும்பி வரும்போது, இந்த மனிதர் எங்கள் பன்னிரண்டு பேரையும் மத்திய கிழக்குக்கு ஏற்றி அனுப்பப் போகிறார் என்று தெகிவளை வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். வெள்ளவத்தையில் இறங்கும்போது அவருக்குக் கப்பலும் கூட்டாளிகளும்கூட இருந்தார்கள். பணிப்பாளருக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். அவர் வாசித்துவிட்டு, "நீங்க ஏன் கதை எழுதக்கூடாது?" என்று கேட்டார். பாராட்டு என்றுதான் அவர் நினைத்துச் சொன்னார்.

ஏழாவது கிழமை நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஐயா, இன்னும் ஒரு கிழமைதான் இருக்கு. நியமனக் கடிதங்களை இப்பவே டைப் பண்ணி வச்சா லேசு. வேணுமெண்டா நானே எழுதித் தாறன். நீங்க கையெழுத்து மட்டும் வைச்சாப் போதும்."

"வேலை குடுக்கிறன்," என்றார். "கடிதம் தரமாட்டன்."

"ஒப்பந்தத்தில கடிதம் எண்டு இருக்கு ஐயா. நாலாம் பக்கம்."

"இருக்கும். நான் வாசிக்கேல்ல."

அவ்வளவுதான் பேச்சு. பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். கடிதம் தராமல் வேலை தருகிறேன் என்பவருடைய பேச்சைக் காப்புறுதிக் கம்பனியில் எந்தக் கோப்பில் போடுவோம் என்று எனக்குத் தெரியும்.

மற்றப் பதினொரு பேருக்கும் இழக்க ஒன்றும் இல்லை. திரும்பிப் போக அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. இழக்க ஓர் இடம் இருந்தது கொட்டாஞ்சேனைப் பெண்ணுக்குத்தான். மருந்துக்கடைக்காரர் சொன்ன தவணை அடுத்த கிழமை சனியோடு முடிகிறது. 'உறுதி' என்று சொன்னவன் நான். வெள்ளிக்கிழமை அவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"தங்கச்சி, நீங்க திங்கக்கிழமை பாமசிக்கே திரும்பிப் போங்க. இங்க கடிதம் தரமாட்டாராம். எனக்கு நம்பிக்கை இல்ல."



"நீங்கதானே சேர் உறுதி எண்டு சொன்னீங்க?"

"ஓம். அது அண்டைக்கு."

"பொஸ்ஸிட்ட சொல்லிட்டுப் போகட்டோ?"

"வேணாம். ஒண்டும் சொல்லாதீங்க. சும்மா வராம நிண்டிடுங்க."

இதை நான் சொன்னது தெளிந்த மனத்தோடு, ஒருவரை ஆபத்திலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையோடு என்பதையும் எழுதிவிடுகிறேன். மத்தியானம் வழக்கத்தைவிட ஒரு வடை கூடச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி ஃபோன் எடுத்தார். அவர் எனக்கு ஃபோன் எடுத்தது அதுதான் முதல் தரம்.

"தம்பி, உம்மட ஆள் ஒண்டு போட்டுது."

"எங்க போனது?"

"எனக்கேன் தெரியும், கனடாவோ லண்டனோ. பாஸ்போட் வச்சிருந்த பிள்ளைதான். ரெண்டு நாளா ஆளைக் காணேல்ல. சொல்லாமக் கொள்ளாமப் போறதெண்டா வேற எங்க போறது? எனக்கு முதலே தெரியும்."

ரயிலைப் பிடித்துப் போனேன். காவலாளி தொப்பியை நீட்டினார். நான் வாங்கிப் போட்டுக்கொண்டு முதலாளியின் அறைக்குள் போய், தொப்பியோடேயே இருந்தேன். அவர் மேசையில் ஒரு ஃபைல் திறந்திருந்தது. அதில் ஈ.பி.எஃப். படிவங்கள். பதினொன்று ஒரு பக்கம், பெயர் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டவை. ஒன்று தனியே, கவிழ்த்து வைத்திருந்தது.

"இது எப்ப நிரப்பினது ஐயா?"

"போன மாசம். வேலை பழகினாப்பிறகு ஆளை விடுறதுக்கு எனக்கு என்ன விசரோ?"

"அப்ப ஏன் கடிதம் தரமாட்டன் எண்டு சொன்னீங்கள்?"

அப்போதுதான் சொன்னார். பொருளாதார நெருக்கடியில் நாடே பாஸ்போட் எடுக்க வரிசையில் நின்ற வருடம், வேறொரு பயிற்சி நிலையத்திலிருந்து பதினாலு பேரை எடுத்திருக்கிறார். எல்லாருக்கும் நல்ல தாளில், கம்பனி முத்திரையோடு, நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறார். அடுத்த கிழமையிலிருந்து தூதரகங்கள் ஃபோன் எடுக்கத் தொடங்கின. இன்னார் உங்களிடம் வேலை செய்கிறாரா, எவ்வளவு காலமாக, திரும்பி வருவாரா? விசா எடுக்கக் கடிதம் தேவைப்பட்டிருக்கிறது, வேலை தேவைப்படவில்லை. இரண்டு மாதத்தில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். ஏற்றவேண்டிய பெட்டிகள் அப்படியே நின்றனவாம்.

"அதுக்குப் பிறகு ஆறு மாசம் நிண்டு காட்டினாத்தான் கடிதம். பாஸ்போட் இல்லாத ஆக்களை எனக்குப் பிடிக்கும். ஆனா உம்மட ஆக்கள் வந்த முதல் நாளே எனக்கு யோசனைதான்."

"ஏன்?"

"அஞ்சு வருசத்தில எங்க இருப்பீர் எண்டு கேட்டன். பன்னிரண்டு பேரும் ஒரே வசனம் சொல்லுகினம். பள்ளிக்கூடத்தில வாய்ப்பாடு சொல்லுற மாதிரி. கூடியிருந்து கதைச்சு வச்சாத்தான் இப்பிடிச் சொல்லலாம். என்னத்தையோ மறைக்கினம் எண்டு நினைச்சன். ஆர் இப்பிடிச் சொல்லிக் குடுத்தது?"

"வகுப்பில சொல்லிக் குடுத்திருப்பினம்," என்றேன்.

"அதுக்குள்ள நீர் வேற. போட்டோ எடுத்தாப்பிறகு ஒரு நிலையக்காரனும் இந்தப் பக்கம் வாறேல்ல. அதாலதான் நான் ஒப்பந்தம் வாசிக்கிறேல்ல. நீர் வியாழனுக்கு வியாழன் வாறீர். பையைத் தூக்கித் தூக்கிப் பாக்கிறீர். மற்றத் தூள் கொம்பனி அனுப்பின ஆளோ எண்டு வோச்சரை விசாரிக்கச் சொன்னனான்."

ஆக, இரண்டு மாதமாக நான் அவரை வேவு பார்க்க, அவருடைய காவலாளி என்னை வேவு பார்த்திருக்கிறார். நடுவில் பன்னிரண்டு பேர் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை நானே வெளியே அனுப்பி, இவருடைய சந்தேகத்துக்குச் சாட்சியும் செய்து கொடுத்திருக்கிறேன்.

"ஐயா, அந்தப் பிள்ளை எங்கயும் போகேல்ல. கொட்டாஞ்சேனையில பழைய கடையில நிக்குது. நான்தான் போகச் சொன்னனான்."

"நீரோ? ஏன்?"

"உங்களில சந்தேகப்பட்டு."

அவர் என் தலையைப் பார்த்தார். என் தலையில் வலைத்தொப்பி இருந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"இதை நான் எப்பிடி நம்பிறது?" என்றார்.

நியாயமான கேள்வி. பின்னேரம் நாலு மணிக்குள் ஆளையே கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்றேன். அதற்கு மேல் அந்தப் படிவத்தைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார்.

கோட்டைக்கு ரயில், அங்கிருந்து புறக்கோட்டை நெரிசலுக்குள்ளால் முச்சக்கரவண்டி. கொட்டாஞ்சேனை மருந்துக்கடையில் அந்தப் பெண் கவுண்டருக்குப் பின்னால், ஒரு கிழவருக்கு இரத்த அழுத்த மாத்திரை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தில் சந்தோஷமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"என்ன சேர், இப்ப இங்கயும் நிக்க வேணாமோ?"

கிழவர் ஆர்வமாகத் திரும்பினார். நான் குரலைத் தாழ்த்தி, படிவம், பதினாலு பேர், தூதரகம், நாலு மணி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாத்திரையை வெட்டி முடித்து, உறையில் போட்டு, எப்போது குடிக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"ஈ.பி.எஃப். ஃபோம் உங்கட கண்ணால கண்டீங்களோ?"

"கண்டன்."

"என்ட பேர் இருந்ததோ?"

கவிழ்த்து வைத்திருந்த தாள். நான் திருப்பிப் பார்க்கவில்லை. பதினாறு வருடம் எந்தக் கால் என்று இரண்டு தரம் கேட்டவன், பார்க்கவேண்டிய ஒரே தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"இருக்கும்," என்றேன்.

"இந்த முறை உறுதி எண்டு சொல்லேல்ல. அப்ப வாறன்," என்றார் அவர்.

மருந்துக்கடைக்காரரிடம் இரண்டு மணித்தியாலம் லீவு கேட்டார். அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்து, "கூட்டிட்டுப் போறதும் கொண்டுவந்து விடுறதும், இதுதான் உங்கட வேலையோ?" என்று கேட்டார். விசிட்டிங் கார்டில் இருப்பதைவிடத் தெளிவான விளக்கம். வழியில் அந்தப் பெண் தன் வீட்டு ஒழுங்கையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே பாஸ்போட்.

"பிரச்சினை இதாலதானே? அதையே காட்டிறன்."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முதலாளி முன்னால் நின்றோம். அவர், பாஸ்போட்டை மேசையில் வைத்துவிட்டு உட்காருங்கள் என்றார். "ஐயா, பாஸ்போட்டை நீங்கள் வாங்கி வச்சிருக்கேலாது, அது சட்டம்," என்றேன் நான். "பாக்கலாம்தானே? சட்டம் பாக்கவும் விடாதோ?" என்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார். ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு புத்தகத்தை அந்தப் பெண்ணின் பக்கமே திருப்பி வைத்து, ஒரு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

அந்தப் பெண் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பாஸ்போட் காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஐயோ மாதாவே," என்றார்.

பதினைந்து வருடம் மருந்துப் பெட்டியில் திகதி பார்த்தவர். இரண்டு மாதம் மிளகாய்த்தூள் பையில் திகதி பார்த்தவர். வேளாங்கண்ணிக்குப் போய்வந்து அலுமாரியில் வைத்ததைப் பதினொரு வருடமாகத் திறந்தே பார்க்கவில்லை. இருக்கோ என்று கேட்டவரும் திறக்கவில்லை. அதைக் கேட்டுக் கப்பல் ஓட்டியவன் நான்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அதை முழுதாக விடவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. இனிப் புதுசா எடுக்கமாட்டீர்தானே, பிள்ளை?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். நான் மேசைக்குக் கீழே அந்தப் பெண்ணின் செருப்பை என் சப்பாத்தால் தட்டினேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"எடுக்கத்தான் வேணும் சேர். மாதாவுக்கு ஒரு நேர்த்தி இருக்கு. ஒருக்காப் போய் வரவேணும். பொய் சொல்லி அங்க போய் நிக்கேலாது."

முதலாளி பிள்ளையார் படத்தைப் பார்த்தார். கவிழ்த்து வைத்திருந்த தாளைப் பார்த்தார்.

"எத்தினை நாள்?"

"பத்து நாள்."

"பத்து நாளோ? இங்க திகதி ஆர் பாக்கிறது? அஞ்சு நாள்."

"அஞ்சு நாளில போய்வரேலாது சேர். கும்பிடவும் வேணுமே? எட்டு."

"ஏழு."

"எட்டு சேர். ஆறு மாசம் முடிஞ்சு போறன்."

முதலாளி தாளைத் திருப்பினார். பெயர் இருந்தது. பேனை கேட்டார், நான் கொடுத்தேன். கையெழுத்து வைப்பதற்கு முன் என்னைப் பார்த்து, "நீரும் ஒரு கடிதம் எழுதித் தாரும். உம்மட கையாலயே. இந்தப் பிள்ளை திரும்பி வரும் எண்டு," என்றார். கடிதம் தராத மனிதர் என்னிடம் கடிதம் கேட்டார். எழுதினேன். 'உறுதி' என்ற சொல்லைத் தவிர்க்க மூன்று தரம் திருத்தவேண்டி வந்தது.

தன் ஆளை நான் இரண்டாம் தரமும் கூட்டிப்போன கோபம் மருந்துக்கடைக்காரருக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பக்கம் போனால் நான் அங்கேதான் பிரஷர் குளிசை வாங்குவது. என் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, டொக்டரின் கையெழுத்து உண்மையானதா என்று பார்த்துவிட்டுத்தான் தருகிறார்.

ஆறு மாதம் முடிய, பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்கு முதலாளி நியமனக் கடிதம் கொடுத்தார். இருவர் இடையில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், உள்ளூரில்தான். பணிப்பாளர் பதாகையோடு ஓடினார். கொட்டாஞ்சேனைப் பெண் தன் கடிதத்தின் பிரதியை என்னிடம் தரும்போது, இன்னொரு பிரதி எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார்.

"என்னத்துக்கு?" என் குரல் எனக்கே காப்புறுதிக் குரலாகக் கேட்டது.

"இந்தியா விசாவுக்குக் கேக்கிறாங்களாம் சேர்."

பிரதி எடுத்துக் கொடுத்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் எட்டு நாள் லீவில் போனார். ஆறாவது நாள் நான் அவருடைய வீட்டு நம்பருக்கு ஃபோன் எடுத்து, செய்தி ஏதும் உண்டா என்று விசாரித்தேன். ஏழாவது நாள் முதலாளி எனக்கு ஃபோன் எடுத்து, அதையே கேட்டார்.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை. நான் இரத்மலானைக்குப் போனபோது அந்தப் பெண் கையுறை போட்டுத் தன் இடத்தில் நின்றார். இடைவேளையில் எனக்கும் முதலாளிக்கும் ஒவ்வொரு சின்னப் போத்தல் எண்ணெய் தந்தார், மாதா கோயிலில் மந்திரித்தது என்று. முதலாளி அதைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய் மாதிரித்தான் இருந்தது. போத்தலைத் திருப்பித் திகதி தேடினேன். ஒன்றும் போடவில்லை.